மிஷினில் தொங்கும் அட்டை: ஒரு பழுதுபார்ப்புப் பட்டறையின் விசிட்டிங் கார்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

இழுப்பறையில் அட்டை இருந்தது. இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் உறுத்தும் இடம் அதுதான்.

தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர். உதவிக்கு இரண்டு இளைஞர்கள். வீட்டை ஒட்டிய சிறு பட்டறை. அவருடைய பழைய வாடிக்கையாளர்களில் ஒருவர், நான்கைந்து மிஷின்கள் போட்டுத் தையல் கடை நடத்தும் பெண்மணி. ஒருநாள் மாலை, மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டிய துணிகள் குவிந்துகிடந்த நேரத்தில், ஒரு மிஷின் ஊசியை உடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அவர் இழுப்பறையைத் திறந்தார். பாபின்கள், அளவு நாடா, சுண்ணக்கட்டி, பழைய பில்கள் ஆகியவற்றுக்கு நடுவே நம் மெக்கானிக்கின் விசிட்டிங் கார்டு கிடந்தது. எடுத்தும் பார்த்தார். எண்ணைப் படிக்க முடியவில்லை. கண்ணாடியைத் தேடினார், அகப்படவில்லை. பாபின் டப்பாவின் மூடியில் யாரோ எப்போதோ மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்த வேறொரு மெக்கானிக்கின் எண் கண்ணில் பட்டது. அவரை அழைத்தார். வந்தவர் நன்றாகவே வேலை செய்தார். அதன்பின் அந்தக் கடைக்கு அவரே போகத் தொடங்கிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து எதிரில் பார்த்தபோது அந்தப் பெண்மணியே இதைச் சொல்லியிருக்கிறார். "உங்கள் கார்டு என்னிடம்தான் இருக்கிறது அண்ணா. கண்ணுக்குத்தான் தெரியவில்லை." கோபமும் இல்லை, குறையும் இல்லை. போகிற போக்கில் சொன்ன பேச்சு. அதைக் கேட்ட பிறகுதான் மெக்கானிக், அட்டை வடிவமைப்பாளனான என்னிடம் வந்தார்.

"தம்பி, கார்டை மாற்ற வேண்டும். கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்."

பழைய அட்டையும் பளிச்சென்றுதான் இருந்தது. சிக்கலே அதுதான்.

பழைய அட்டை

அதை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். வடிவமைப்பாளன் என்ற முறையில் சொன்னால், மோசமான அட்டை அல்ல. கரும் அரக்கு நிறப் பின்னணி, அதன்மேல் வெள்ளி நிறத்தில் வளைந்து நெளிந்த எழுத்தில் நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயரை அவருடைய மகன் சூட்டியிருந்தான். மூலையில் பழங்கால மிஷின் ஒன்றின் நிழலுருவம். இரு பக்கமும் கண்ணாடிபோல மின்னும் லேமினேஷன் என்ற பிளாஸ்டிக் படலம். கையில் வாங்கும்போது மதிப்பாகத்தான் இருக்கும். அவருக்கு அதன்மேல் பிரியமும் இருந்தது. முதன்முதலில் அச்சடித்த அட்டை அது. ஆகவே குறை சொல்லும்போது நான் கொஞ்சம் அளந்துதான் பேசினேன்.

ஆனால் அதில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தால் வேறு கதை. பன்னிரண்டு வகைச் சேவைகளின் பட்டியல். இரண்டு கைபேசி எண்கள். ஒன்றை அவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். யாருமே திறந்து பார்க்காத மின்னஞ்சல் முகவரி. மூன்று வரி முகவரி. பின்பக்கம் ஒரு கியூஆர் கோடு. கைபேசியால் பிடித்துப் பார்த்தேன். இணைப்பு செயலில் இல்லை என்று வந்தது. இடையில் ஒரு சேவைத் தளத்தின் வழியாகத் திருப்பிவிடும் வகைக் கோடு அது. சந்தா முடிந்ததும் செத்துப்போயிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று அவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் இடம் தரவேண்டி, எண்ணின் எழுத்தளவு 6 பாயின்டுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. 6 பாயின்ட் எழுத்தில் அச்சாகும் இலக்கத்தின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அதையும் கரும் பின்னணியில் வெள்ளையாக விட்டிருந்தார்கள். நான்கு நிற அச்சில் அரக்கு நிறம் தனி மையால் வருவதில்லை. மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று பல மைகளின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உருவாவது. ஒரு மையின் அச்சுத் தட்டு தலைமுடி அளவு விலகினாலும், நடுவில் வெள்ளையாக விட்ட மெல்லிய எழுத்துக்குள் மை கசிந்து ஏறும். 3 எது, 8 எது என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது. இதற்கு மேல் லேமினேஷனின் பளபளப்பு வேறு. தையல் மிஷினின் விளக்கு நேர் கீழ்நோக்கி அடிக்கும். அந்த வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்தால் எண்ணுக்குப் பதிலாக விளக்குதான் தெரியும்.

கணினித் திரையில் இது எதுவும் தெரிந்திருக்காது. திரையில் அட்டை ஒரு முழங்கை அகலத்துக்கு விரிந்து நிற்கும், எல்லா எழுத்தும் ஒளிரும். வடிவமைத்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றிருப்பார். நானும் என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் அப்படிப் பல அட்டைகளுக்குச் சரி சொன்னவன்தான்.

திரும்பி வந்த அட்டைகள்

புதிதாக எதையும் வரைவதற்கு முன் அவரிடம் ஒரு வேலை கேட்டேன். அடுத்த சில வாரங்கள் போகிற இடங்களில் எல்லாம் பழைய அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வாங்கி வரச் சொன்னேன். விசித்திரமாகப் பார்த்தார். ஆனாலும் ஒரு கைப்பிடி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொடுத்த அட்டையைத் திருப்பி வாங்கும் ஒரே ஆள் தான்தான் என்று சிரித்தார்.

எந்தக் கேள்வித்தாளும் சொல்லாத சேதிகளை அந்த அட்டைகள் சொல்லின. பலவற்றில் பால்பாயின்ட் பேனாவின் கீறல்கள் இருந்தன, மை இல்லை. எதையோ எழுத முயன்று லேமினேஷன் மையை ஏற்காமல் கைவிட்டிருக்கிறார்கள். ஒன்றில் வெள்ளைத்தாள் துண்டை ஒட்டி, அதில் எண்ணைப் பெரிதாக மறுபடி எழுதியிருந்தார்கள். அந்த வாடிக்கையாளர்தான் இந்த அட்டையின் முதல் நல்ல வடிவமைப்பாளர் என்று எனக்குப் பட்டது. இன்னொன்றில் மூலையைக் கத்தரித்து, நூல் கோத்த தடம். சிலவற்றில் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது. கருநிற அட்டைகளின் வழக்கமான வியாதி இது. காகிதத்தின் உள்நிறம் வெள்ளை என்பதால் விளிம்பு கொஞ்சம் தேய்ந்தாலும் பல்லிளிக்கும்.

முக்கியமான சேதி வேறு. எழுதியிருந்த ஒருசிலவற்றில் என்ன எழுதியிருந்தது? "மிஷின் அண்ணன்." "ஓவர்லாக் பார்ப்பவர்." ஒன்றில் வெறுமனே "ரிப்பேர்". மகன் சூட்டிய நிறுவனப் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. அட்டையின் பாதி இடத்தை ஆக்கிரமித்திருந்த பெயர், அவரைத் தேடுகிறவர்களின் மனத்தில் இல்லவே இல்லை. கைபேசியில் எண்ணைச் சேமித்தவர்களும் இப்படித்தான் சேமித்திருப்பார்கள்.

இங்கேதான் இந்த ஆய்வின் மையமான கேள்வி எனக்குத் தெளிவானது. விசிட்டிங் கார்டைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் கொடுக்கும் கணத்தைப் பற்றியே: முதல் மதிப்பு, கைக்குப் பிடிக்கும் கனம், தொழில்முறைத் தோற்றம் என்று. ஆனால் கொடுக்கும்போது கொடுப்பவர் எதிரில் நிற்கிறார். அவரே பேசலாம், சிரிக்கலாம், வேலையைக் காட்டலாம். அட்டைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மாதங்கள் கழித்து, அவர் இல்லாத இடத்தில், பழுதடைந்த மிஷினுக்கு முன்னால் அதை எடுத்துப் பார்க்கிறார்களே, அப்போதுதான் அட்டை வேலைக்கு வருகிறது. எடுப்பவர் பதற்றத்தில் இருக்கிறார். கையில் எண்ணெய் இருக்கலாம். கண்ணாடி இல்லாமல் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும், தையல் தொழிலில் அந்த வயதுக்காரர்கள் நிறையப் பேர். சில வேளை எடுப்பவர் கடை உரிமையாளராகக்கூட இருக்கமாட்டார், வேலைக்கு வந்து ஒரு வாரமே ஆன உதவியாளராக இருப்பார்.

பெரிய நிறுவனங்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை அல்ல. அட்டை தொலைந்தால் விளம்பரப் பலகை இருக்கிறது, இணையதளம் இருக்கிறது, பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இவருடைய தொழிலுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே இருப்பது ஓர் எண் மட்டும். அந்த எண் வேண்டிய நேரத்தில் கண்ணில் படவில்லை என்றால், இருபது ஆண்டுக் கைத்திறனும் அந்தக் கணத்தில் இல்லாததற்குச் சமம்.

"எல்லாம் கைபேசியில் இருக்கும்போது அட்டை எதற்கு?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. கைபேசி ஆளுக்குச் சொந்தமானது, அதில் உள்ள எண்ணும் அந்த ஆளுக்கே சொந்தம். கடையில் மிஷின் நின்றுபோகும்போது உரிமையாளர் வெளியே போயிருக்கலாம். அட்டை மிஷினோடு இருந்தால் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். இந்த வேறுபாட்டை நான் வாயால் சொன்னேனே தவிர, அதை உண்மையில் செய்துகாட்டியவர் அவன் அப்பாதான். அது பின்னால் வருகிறது.

எதை வைப்பது, எதை எடுப்பது

முதலில் எண். ஒன்றே ஒன்று. 18 பாயின்ட், தடித்த எழுத்து, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு. இலக்கங்களைத் தொடர்ச்சியாக ஓடவிடாமல் வாய்விட்டுச் சொல்லும்போது எங்கே மூச்சு விடுவோமோ அங்கே இடைவெளி விட்டுப் பிரித்தேன். கறுப்பையும் தனிக் கறுப்பு மை நூறு சதவீதம் என்றே குறித்தேன். வடிவமைப்பு மென்பொருள்கள் சில நேரம் கறுப்பை நான்கு மைகளின் கலவையாக மாற்றிவிடும். பெரிய பரப்புக்கு அது நல்லது, சிறிய எழுத்துக்கு ஆகாது. சாம்பல் நிற எழுத்தும் இதே காரணத்தால் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். அச்சில் சாம்பல் என்பது கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். மெல்லிய எழுத்தின் விளிம்பு அதில் அரித்த மாதிரி ஆகிவிடும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. நிறுவனப் பெயரை எடுத்துவிடலாம் என்றேன். மகனின் முகம் சுருங்கியது. கடைசியில் அது இருந்தது, ஆனால் கீழே சிறிதாக. மேலே அவருடைய சொந்தப் பெயர், அதனடியில் "தையல் மிஷின் மெக்கானிக்". வாடிக்கையாளர் நினைவில் இருக்கும் சொல் எதுவோ அதுவே அட்டையிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. "தையல் இயந்திரப் பராமரிப்பு மற்றும் தீர்வுகள்" என்று போட்டால் அழகாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் இழுப்பறையைத் துழாவுவதில்லை.

பன்னிரண்டு சேவைகளின் பட்டியலை என்ன செய்வது? டைமிங் சரிசெய்தல், ஷட்டில் மாற்றுதல், மோட்டார் பொருத்துதல் என்று நீண்ட அது மெக்கானிக்கின் மொழி. மிஷின் நின்றுபோன ஆளுக்கு ஷட்டிலா டைமிங்கா என்று தெரிந்திருந்தால் பாதி வேலையை அவரே முடித்திருப்பார். அவருக்குத் தெரிந்தது அறிகுறி மட்டும். ஆகவே பட்டியலை எடுத்துவிட்டு ஒரே வரி வைத்தோம்: "நூல் அறுகிறதா? தையல் விட்டுப்போகிறதா? ஊசி உடைகிறதா?" இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தது அவர். எந்தப் புகாரோடு ஆட்கள் அதிகம் அழைக்கிறார்கள் என்று கேட்டேன், யோசிக்காமல் மூன்று விரல்களை மடக்கினார்.

எழுத்துருவைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்துக்கு 7 பாயின்ட் போதும் என்று அச்சகங்கள் சொல்லும் கணக்கைத் தமிழுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஒரே உயரத்துக்குள் கொம்பும் சுழியும் விலங்கும் புள்ளியும் அடங்க வேண்டியிருக்கிறது. அளவு குறையக் குறைய முதலில் காணாமல் போவது புள்ளி, அடுத்து "ண"வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே மிகச் சிறிய வரிக்கும் 9 பாயின்டுக்குக் கீழே இறங்கவில்லை. அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பும்போது எழுத்தெல்லாம் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றி அனுப்பினேன். அங்கே அதே எழுத்துரு இல்லையென்றால் வரிகள் கட்டங்களாகவோ கொம்பு தனியே கால் தனியே பிரிந்தோ வரும். பழைய எழுத்துரு முறைகளில் வேலை செய்த எல்லோரிடமும் இதைப் பற்றி ஒரு சோகக் கதையாவது இருக்கும்.

கியூஆர் கோடு வேண்டுமா? என் முதல் எண்ணம் வேண்டாம் என்பதே. செத்துப்போன பழைய கோட்டைப் பார்த்த கசப்பு அது. பிறகு அந்தப் பெண்மணி நினைவுக்கு வந்தார். எண்ணைப் படிக்க முடியாதவருக்குக் கேமராவால் படித்துத் தரும் ஒன்று உதவத்தானே செய்யும்? கியூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப் பாகங்களைத் தொழிற்சாலையில் அடையாளம் காண உருவாக்கியது. அழுக்கும் கீறலும் படியும் இடத்துக்கென்றே பிறந்தது என்பதால் ஒரு பகுதி சேதமானாலும் படிக்கும்படி அதற்குள் பிழைதிருத்தம் வைத்திருக்கிறார்கள். நான்கு நிலைகள் உண்டு. மூன்றாவது நிலையில் சுமார் 25 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும்.

தவறு நேர்வது அதற்குள் எதைத் திணிக்கிறோம் என்பதில்தான். பெயர், முகவரி, மின்னஞ்சல் என்று முழுத் தொடர்பு விவரத்தையும் வைத்தால் பக்கத்துக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டங்கள் வந்துவிடும். தமிழில் வைத்தால் இன்னும் பெருகும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "தையல்" என்ற மூன்றெழுத்துச் சொல்லில் கொம்பும் புள்ளியும் தனிக் குறிகள் என்பதால் ஐந்து குறிகள், 15 பைட். அழைக்க வேண்டிய எண்ணை மட்டும் நேரடியாக வைத்தால், அந்த மூன்றாவது நிலைப் பிழைதிருத்தத்தோடுகூட 25க்கு 25 கட்டங்கள் போதும். சுற்றிலும் விட வேண்டிய நான்கு கட்ட வெற்றிடத்தையும் சேர்த்து 20 மில்லிமீட்டர் சதுரத்தில் வைத்தால், ஒரு கட்டம் 0.6 மில்லிமீட்டர் கிடைக்கும். 57 கட்டக் கோடாக இருந்தால் அது 0.3ஆகச் சுருங்கும். மங்கிய வெளிச்சத்தில் பழைய கைபேசிக் கேமராவுக்கு இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இடையில் எந்தத் தளமும் இல்லை என்பதால் சந்தா முடிந்து சாவதற்கும் வழியில்லை. எண் இருக்கும்வரை கோடும் இருக்கும்.

முகவரியை ஒரே வரியாக்கினோம், மின்னஞ்சல் போயிற்று. லோகோவும் போயிற்று. அதற்காக ஒருவரும் அழவில்லை.

ஓட்டை

அளவு பற்றி அதிகம் யோசிக்கவில்லை. நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும்: ஐரோப்பாவில் பெரும்பாலும் 85க்கு 55 மில்லிமீட்டர், அமெரிக்காவில் மூன்றரைக்கு இரண்டு அங்குலம், ஜப்பானில் 91க்கு 55. வங்கி அட்டையின் சர்வதேச அளவு 85.60க்கு 53.98. பணப்பையின் அறைகள் இதை வைத்தே தைக்கப்படுகின்றன. சதுர அட்டை, வட்ட அட்டை என்று புதுமை செய்பவர்கள் உண்டு. அறைக்குள் நுழையாத அட்டை அன்றிரவே குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் 85க்கு 55 என்று முடித்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் கேட்டார்: "தம்பி, மூலையில் ஓர் ஓட்டை போட முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன். விலைச்சீட்டு மாதிரி ஆகிவிடும் என்றேன். அவர் விடவில்லை. கத்தரித்து நூல் கோத்திருந்த அந்தப் பழைய அட்டையை எடுத்து என் முன் வைத்தார். "வேலை முடித்துக் கிளம்பும்போது நானே நூலில் கோத்து மிஷினின் நூல்கண்டுக் கம்பியில் மாட்டிவிட்டு வருவேன். இழுப்பறைக்கே போகாது."

நான் எழுத்தின் அளவு, மை, வெளிச்சம் என்று அட்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அட்டை எங்கே இருக்கும் என்பதை அவர்தான் யோசித்தார். இழுப்பறையே இல்லாவிட்டால் துழாவும் வேலையே இல்லை. இந்தத் திட்டத்தில் நான் செய்த எல்லாவற்றையும்விட அந்த 5 மில்லிமீட்டர் ஓட்டைதான் பெரிய முடிவு. கிழிந்துவிடாமல் இருக்க விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

பின்பக்கத்தின் யோசனையும் இதிலிருந்தே வந்தது. மிஷினிலேயே தொங்கப்போகிறது என்றால் அந்த மிஷினின் கதையை அதிலேயே எழுதலாமே? கியூஆர் கோட்டுக்குப் பக்கத்தில் மூன்று வெற்று வரிகள்: வந்த தேதி, செய்த வேலை, அடுத்து எண்ணெய் விட வேண்டிய தேதி. புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் வணிகர்கள் தங்கள் வணிக அட்டைகளின் பின்புறத்தில் கணக்கும் ரசீதும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கதவு எண்கள் பரவலாகாத காலத்தில், கடை வாசலில் தொங்கும் அடையாளச் சின்னத்தின் படத்தையே அட்டையில் அச்சிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1720இல் செதுக்குக் கலைஞராகத் தொழில் தொடங்கியபோது தனக்கான அட்டையைத் தானே செதுக்கிக்கொண்டார். அலங்காரத்துக்குக் குறைவில்லாத அட்டைகள்தான் அவையெல்லாம். ஆனாலும் கண்டுபிடிப்பது, கணக்கு வைப்பது என்ற வேலைகளையும் சேர்த்தே செய்தன. நடுவில் எங்கோ நாம் வேலையை விட்டுவிட்டு அலங்காரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

காகிதமும் என் பிழைகளும்

பின்பக்கம் எழுத வேண்டும், முன்பக்கம் எண்ணெய்க் கையைத் தாங்க வேண்டும். எனக்கு உடனே தோன்றிய வழி: முன்பக்கம் மட்டும் மினுக்கம் இல்லாத மேட் லேமினேஷன், பின்பக்கம் வெறும் காகிதம். ஒரு சிறிய கட்டு அச்சடித்தோம். வாங்கி வந்த அன்று நன்றாக இருந்தது. சில நாட்களில் எல்லா அட்டைகளும் வெயிலில் காய்ந்த இலைபோலச் சுருண்டுவிட்டன. காகிதம் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், விட்டுச் சுருங்கும். பிளாஸ்டிக் படலம் அப்படிச் செய்யாது. ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டினால் இரண்டும் இழுத்துக்கொண்டு அட்டை வளையும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. 350 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 350 கிராம் எடையுள்ள தடித்த காகிதம் தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன், தாங்கவில்லை. அந்தக் கட்டின் செலவை நான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த முறை லேமினேஷனையே விட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள ஆர்ட் கார்டு வாங்கினோம். முன்பக்கம் வழவழப்பு, பின்பக்கம் பேனாவை ஏற்கும் சொரசொரப்பு. அவருடைய பட்டறையிலேயே சோதித்தோம். மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு முன்பக்கத்தில், ஒரு சொட்டு பின்பக்கத்தில். பின்பக்கம் உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் மட்டும் கண்ணாடித்தாள்போல ஆனது. முன்பக்கத்தைத் துணியால் துடைத்தால் போய்விட்டது, லேசான கறை மட்டும் மிச்சம். முன்பக்கத்து எண்ணைப் படிக்க முடிந்தது, பின்பக்கத்துக் கோட்டையும் கைபேசி படித்தது. "கறை படட்டும், மிஷினில்தானே இருக்கிறது" என்றார் அவர்.

அட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கட்டம் போடலாமே என்று அச்சகத்தில் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நூற்றுக்கணக்கான அட்டைகளை அடுக்கி ஒரே வெட்டில் வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம். கட்டம் இல்லாவிட்டால் அது கண்ணுக்குப் படாது. கட்டம் இருந்தால் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, வெட்டியவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியதாகியிருக்கும். இறுதி அச்சுப்படி கைக்கு வந்ததும், அதில் இருந்த எண்ணைப் பார்த்து அவரையே அழைக்கச் சொன்னேன். கணினியில் இருப்பதையோ மனப்பாடமாகத் தெரிந்ததையோ பார்த்து அழைக்கக்கூடாது, தாளில் இருப்பதை ஒவ்வொன்றாக வாசித்து அழுத்த வேண்டும் என்று வற்புறுத்தினேன். அழைப்பு யாரோ ஒருவருக்குப் போயிற்று. எண்ணைக் குழுக்களாகப் பிரித்து அடுக்கும்போது நான் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றியிருந்தேன். அவர் அந்தப் படியை அதற்கு முன் மூன்று முறை பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தார். நானும்தான். நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கண் படிப்பதில்லை, ஊகித்துவிடுகிறது. கியூஆர் கோட்டில் எண் சரியாகவே இருந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை.

பிறகு

இந்த இடத்தில் "அழைப்புகள் இத்தனை மடங்கு பெருகின" என்று ஒரு வரி எதிர்பார்ப்பவர்களுக்கு என்னிடம் அது இல்லை. அழைப்பவர்களிடம் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொன்னேன். சில வாரங்கள் குறித்தார், வேலை மும்முரத்தில் மறந்தார், மறுபடி குறித்தார். குறித்தவற்றில் "மிஷினில் தொங்குகிறது" என்ற பதில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதே மாதங்களில்தான் அவர் ஒவ்வொரு வேலை முடிவிலும் அட்டை விட்டுவரும் பழக்கத்தையே தொடங்கினார். முன்பெல்லாம் கேட்டால்தான் கொடுப்பார். பலன் வடிவமைப்பினாலா பழக்கத்தினாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அட்டை கையில் பிடித்ததால்தான் பழக்கமே வந்தது என்று அவர் சொல்கிறார். அதை ஒரு பாராட்டாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கவனித்த சில மாற்றங்கள் உண்டு. கடை உதவியாளர்கள் நேரடியாக அழைக்கிறார்கள், உரிமையாளர் வரும்வரை காத்திருப்பதில்லை. அழைக்கும்போதே "நூல் அறுகிறது" என்று அட்டையின் சொல்லையே சொல்வதால், எந்த உதிரிப் பாகத்தை எடுத்துப் போவது என்று ஓரளவுக்கு முன்கூட்டியே தெரிகிறது. இதை நான் திட்டமிடவில்லை. கியூஆர் கோட்டை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய வழியே இல்லை, நேரடி எண்ணை வைத்ததன் விலை அது. பின்பக்க வரிகள் மூன்றும் எதிர்பார்த்ததைவிட வேகமாக நிரம்புகின்றன. அடுத்த அச்சில் ஐந்தாக்க வேண்டும், அதற்கு முகவரியை முன்பக்கம் தள்ள வேண்டும். இடம் எங்கே என்று இன்னும் பார்க்கவில்லை.

இதே அட்டையை ஒரு நிழற்படக் கலைஞருக்கோ உள்ளலங்கார வடிவமைப்பாளருக்கோ செய்துகொடுத்தால் அவர் என்னைத் துரத்திவிடுவார், அது நியாயமும்கூட. அவர்களுக்குக் கொடுக்கும் கணம்தான் பெரிது. அந்த அட்டையே அவர்களின் கைவேலைக்கு ஒரு மாதிரி. அங்கே பருத்திக் காகிதமும் அழுத்தி அச்சிட்ட எழுத்தும் பேசும், 18 பாயின்ட் எண் கூச்சலிடும். பழுதுபார்ப்பவர், குழாய் வேலை செய்பவர், மின்பணியாளர் என்று அவசரத்தில் தேடப்படும் தொழில்களுக்கே நான் மேலே சொன்ன கணக்கு பொருந்தும்.

அந்தத் தையல் கடைப் பெண்மணி? புதிய அட்டை வந்த பிறகு மெக்கானிக் ஒருநாள் அவருடைய கடைக்குப் போய், வேலை எதுவும் கேட்காமல், ஒரு மிஷினில் அட்டையைக் கோத்துவிட்டு வந்தார். சும்மா போகக் கூச்சமாக இருந்ததால் அந்த மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பின்பக்கத்தில் அடுத்த தேதியையும் எழுதிவைத்திருக்கிறார். பிறகு மறந்துவிட்டார். அந்தத் தேதி தாண்டி ஒரு வாரம் ஆன பிறகு அந்தக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. மிஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"தேதி எழுதினீர்களே அண்ணா, ஏன் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறார்.